திருவிழாவை நேரலையில் அனுப்ப: விருதுநகர், சிவகாசி வீடுகளுக்குச் சில குறிப்புகள்

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊர் வர முடியாத பிள்ளைகள் இங்கே பல வீடுகளில் உண்டு. தீச்சட்டி எடுக்கிற அன்று சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வீடியோ கால் வரும். "அத்தை, போனைக் கொஞ்சம் சாமி பக்கம் திருப்புங்க" என்று கேட்பார்கள். ஒரு போன் ஒருவருக்குத்தான் காட்டும். வைத்திருப்பவர் கையும் வலித்துப்போகும். ஒரு லேப்டாப், ஒழுங்கான ஒரு பைபர் கனெக்‌ஷன், வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர், இந்த மூன்றும் இருந்தால் தெருவே சேர்ந்து ஊருக்கெல்லாம் காட்டலாம். சிவகாசி பத்ரகாளியம்மன் சித்திரைப் பொங்கலுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கும், வீட்டுக் காதுகுத்துக்கும் ஏற்பாடு இதேதான். எல்லாரும் கேமரா வாங்குவதில் தொடங்குகிறார்கள். நான் சொல்வது வேறு: முதலில் அப்லோட் வேகம், அடுத்து ஒலி, கேமரா அதற்குப் பிறகு.

1. கனெக்‌ஷன் கொடுக்கிறவர் பெருமையாகச் சொல்லும் வேகம் பெரும்பாலும் டவுன்லோட் வேகம். நேரலைக்கு வேண்டியது அப்லோட். வேகம் பார்க்கும் ஆப்பில் இரண்டாவதாக வரும் எண் அதுதான். 720 பி அளவில் தெளிவான படம் அனுப்ப நொடிக்கு 2.5 மெகாபிட் தேவை; 1080 பி என்றால் 4.5 முதல் 6 வரை. தேவைக்கு இரண்டு மடங்கு அப்லோட் இருந்தால்தான் அந்த அளவைத் தொடுங்கள். 5 மெகாபிட் அப்லோட் உள்ள வீட்டில் 720 பி போதும். போனில் பார்க்கிறவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

2. சர்வர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நூறு பேருக்கு வீட்டிலிருந்தே தனித்தனியாக அனுப்பினால் 2.5 × 100 = 250 மெகாபிட் அப்லோட் வேண்டும். வீட்டு மோட்டார் மேல்நிலைத் தொட்டிக்கு ஒரே குழாயில் ஏற்றுகிறது, குழாய்களெல்லாம் தொட்டியிலிருந்து பிடித்துக்கொள்கின்றன, சர்வரும் அப்படித்தான். வீட்டிலிருந்து ஒரே ஒரு ஓட்டம் போகும். பத்துப் பேர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் உங்கள் கனெக்‌ஷனுக்குச் சுமை ஒன்றே.

3. சர்வரை வீட்டிலேயே வைக்கலாமா? வைக்கும் முன் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளி ஐ.பி. முகவரி என்ன என்று பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ தொடங்கினால் உங்களுக்குத் தனி முகவரி கிடையாது; பல வீடுகள் ஒரே முகவரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ரவுட்டரில் என்ன போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. மொபைல் சிம்மில் ஓடும் வைஃபை பெட்டிகளில் இது சர்வ சாதாரணம். நிலையான ஐ.பி.க்குத் தனிக் கட்டணம் கட்டுவதைவிட, திருவிழா நாட்களுக்கு மட்டும் வெளியே சர்வர் வாடகைக்கு எடுப்பது சிக்கனம்.

4. வாடகை சர்வரை மும்பை, பெங்களூரு, சென்னை தரவு மையங்களில் ஒன்றில் எடுங்கள். வந்த ஓட்டத்தை அப்படியே பகிர்ந்து கொடுப்பதற்கு 2 ஜி.பி. நினைவகம் உள்ள சின்ன சர்வரே போதும். படத்தைப் பல அளவுகளாக மாற்றச் சொன்னால்தான் பெரியது வேண்டும். விலையை விட டேட்டா அளவைக் கவனியுங்கள். நொடிக்கு 1.5 மெகாபிட் என்றால் ஒருவர் ஒரு மணி நேரம் பார்க்க 675 எம்.பி. போகும். 1 டெராபைட் இலவசம் என்றிருந்தால், 300 பேர் ஐந்து மணி நேரம் பார்த்ததும் தீர்ந்துவிடும். மேற்கொண்டு போவதற்கு என்ன கட்டணம் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. லேப்டாப்பில் படத்தையும் ஒலியையும் சேர்த்து அனுப்ப ஓ.பி.எஸ். ஸ்டூடியோ. சர்வரில் உபுண்டு போட்டு, என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளும் அதற்கான ஆர்.டி.எம்.பி. இணைப்பும் நிறுவினால் வேலை முடிந்தது. கட்டளைகள் தட்டத் தயங்குபவர்கள் ஓன்காஸ்ட் போடலாம். பார்க்கும் பக்கமும் அரட்டைப் பெட்டியும் அதிலேயே வந்துவிடும். எல்லாமே திறந்த மூல மென்பொருள்கள். கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளை தெருவில் நிச்சயம் ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

6. பழைய யூடியூப் பாடங்களைப் பார்த்து, பார்வையாளர்களுக்கும் ஆர்.டி.எம்.பி. முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். அது ஃபிளாஷ் காலத்து முறை. 2020 இறுதியோடு அடோபி ஃபிளாஷை நிறுத்திவிட்டது; இன்றைய பிரவுசர்களில் அது ஓடாது. லேப்டாப்பிலிருந்து சர்வருக்கு ஏற்றுவதற்கு ஆர்.டி.எம்.பி. இன்னும் நன்றாக உழைக்கிறது. சர்வரிலிருந்து பார்ப்பவருக்கு எச்.எல்.எஸ்.; 2009இல் ஆப்பிள் கொண்டுவந்தது. படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, சாதாரண வலைப்பக்கம் போலவே அனுப்பும். அதனால் எந்தப் போனிலும் திறக்கும்.

7. துண்டு ஒவ்வொன்றும் ஆறு நொடி என்றால், பார்ப்பவர் கிட்டத்தட்ட இருபது நொடி பின்தங்கியே பார்ப்பார். துண்டை இரண்டு நொடியாக்கினால் பத்து நொடிக்குள் வந்துவிடும். இதற்கு ஓ.பி.எஸ்.ஸில் கீஃபிரேம் (முழுப் படமாகப் போகும் பிரேம்) இடைவெளியையும் 2 என்று வைக்க வேண்டும். அது தானியங்கியிலேயே இருந்தால் துண்டுகள் ஒழுங்காக வெட்டப்படாது. பிட்ரேட் வகை சி.பி.ஆர்., அதாவது மாறாத வேகம், என்றிருக்கட்டும். திருவிழாவுக்குப் பத்து நொடி தாமதம் ஒரு குறையே இல்லை. அதற்கும் கீழே குறைக்கப் போராடினால் படம் அடிக்கடி நின்று நின்றுதான் வரும்.

8. ஓ.பி.எஸ். சர்வருக்குப் படம் அனுப்பக் காட்டும் ரகசியச் சொல்லான ஸ்ட்ரீம் கீ, வீட்டுச் சாவி போன்றது. 'டெஸ்ட்', 'லைவ்' என்று வைத்தால் யாரோ ஒருவர் உங்கள் முகவரியில் தன் படத்தை ஓட்டிவிடலாம். நீளமாக, எழுத்தும் எண்ணும் கலந்து வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சர்வரின் ஃபயர்வாலில் 80, 443, 1935, நிர்வாகத்துக்கான 22 தவிர மற்ற போர்ட்களை மூடிவிடுங்கள்.

9. பார்க்கும் பக்கத்துக்குப் பூட்டுக் குறி வேண்டும், அதாவது எச்.டி.டி.பி.எஸ். லெட்ஸ் என்கிரிப்ட் இந்தச் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. ஆயுள் 90 நாள். தை மாதம் சோதனைக்குப் போட்டது சித்திரைப் பொங்கலுக்குள் காலாவதியாகிவிடும். கொடியேற்றத்தன்று தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

10. விழா நோட்டீஸ் அடிக்கும்போதே அதில் கியூ.ஆர். குறியைச் சேர்த்துவிடுங்கள். ஆஃப்செட் அச்சகங்களுக்குப் பேர்போன சிவகாசியில் இதற்குக் கூடுதலாக எதுவும் ஆகாது. ஆனால் சர்வரின் எண் முகவரியை நோட்டீஸில் போடக் கூடாது. சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்கி அதை மட்டும் அச்சிடுங்கள். நோட்டீஸ் வாரக்கணக்கில் முன்பே அச்சாகிவிடும். அதற்குள் சர்வர் மாறினாலும், கடைசி நேரத்தில் யூடியூபுக்கே திருப்பிவிட வேண்டி வந்தாலும், பெயர் அதேதான், போய்ச் சேரும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

11. யூடியூபிலும் ஒரு கால் வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சேனலுக்கு நேரலை அனுமதி கேட்டால் கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகும். விழா காலையில் கேட்டால் நடக்காது. வீட்டிலிருந்து இரண்டு ஓட்டம் அனுப்பவும் தேவையில்லை. சர்வரே ஒன்றை யூடியூபுக்குத் தள்ளிவிடும்படி என்ஜின்எக்ஸில் ஒரே வரியில் சொல்லலாம்.

12. யூடியூபை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் பாட்டு. பந்தலில் குழாய் ஸ்பீக்கர் கட்டி அம்மன் பாடல்களைப் போடாத விழா எங்கே இருக்கிறது? பதிவு செய்த பாடல் காதில் விழுந்ததும் யூடியூபின் தானியங்கி அதை அடையாளம் கண்டு, எச்சரிக்கை கொடுக்கும். தொடர்ந்தால் நேரலையையே நிறுத்திவிடும். சொந்த சர்வரில் அந்தத் தானியங்கி இல்லை. அதற்காகப் பாடல் நமக்குச் சொந்தமாகிவிடாது. உரிமை உள்ளவருக்கு உரிமை எங்கேயும் உண்டு. நல்ல வழி ஒன்றுதான்: பாட்டு ஓடும்போது ஓ.பி.எஸ்.ஸில் மைக்செட் ஒலியைத் தாழ்த்திவிட்டு, மேளத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் பக்கத்தில் வைத்த தனி மைக்கை உயர்த்துங்கள். வெளியூரில் இருப்பவர்கள் கேட்க ஏங்குவதும் அந்த மேளத்தைத்தான். கேசட் பாட்டு அவர்கள் போனிலேயே கிடைக்கும்.

13. லேப்டாப்பின் சொந்த மைக்கை நம்பவே வேண்டாம். மைக்செட்காரரிடம் மிக்ஸரிலிருந்து ஒரு லைன் அவுட் கேளுங்கள். ஒரு வயரும் சின்ன யு.எஸ்.பி. ஆடியோ பெட்டியும் போதும். 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் தொடர்ந்து கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல்: பெரும்பாலும் மைக்செட் ஜெனரேட்டரிலும் லேப்டாப் வீட்டுக் கரண்டிலும் ஓடுவதால் வருவது. நடுவில் ஓர் ஆடியோ ஐசொலேட்டர் போட்டால் நின்றுவிடும். உடனே கிடைக்காவிட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சீரியல் செட் ஓடும் அதே லைனில் உங்கள் பெட்டிகளைச் சொருகாதீர்கள்.

14. எங்கள் பக்கத்துத் திருவிழாவுக்கே உரிய சிக்கல் வெடிச்சத்தம். மைக் ஒலியளவைப் பூசாரியின் குரலுக்கு ஏற்ப வைத்திருப்போம். திடீரென்று வெடி வெடித்தால் ஒலி எல்லை தாண்டிக் கிழியும், ஹெட்போன் போட்டிருக்கும் பெரியவர்களுக்குக் காது வலிக்கும். ஓ.பி.எஸ்.ஸில் மைக்கின் ஃபில்டர்ஸ் பகுதியில் லிமிட்டரைச் சேர்த்து –6 டெசிபெல் என்று வையுங்கள். பேச்சு –20இலிருந்து –12 வரை ஆடினால் சரியான அளவு. விண்டோஸில் 'ஒலியைத் தானாகச் சரிசெய்' என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரு வெடிக்குப் பிறகு அது மைக்கையே தாழ்த்திவிடும், அடுத்துச் சொல்லும் மந்திரம் கேட்காது.

15. வாணவேடிக்கை காட்டுவது நேரலையிலேயே கடினமான வேலை. ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி சரியாகிவிடும். வீடியோவைச் சுருக்கும் மென்பொருள், கீஃபிரேம்களுக்கு இடையே, ஒரு பிரேமிலிருந்து அடுத்ததற்கு மாறிய பகுதியை மட்டுமே அனுப்பும். மாறாத வானத்தையும் கோபுரத்தையும் திரும்ப அனுப்பாது. சந்நிதித் தெருவில் பந்தல் மட்டும் தெரியும்போது 1 மெகாபிட்டிலேயே படம் பளிச்சென்று இருக்கும். மேலே ஒரு ஷெல் வெடித்து ஆயிரம் பொறிகளாகச் சிதறும்போது திரையின் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. அதே 2.5 மெகாபிட்டுக்குள் அத்தனையும் அடங்காமல், படம் கட்டம் கட்டமாக உடையும். புகை படர்ந்தால் இன்னும் மோசம். ஆகவே வாணவேடிக்கை தொடங்கும் முன் சிலவற்றைச் செய்யுங்கள். கேமராவை ஸ்டாண்டில் பூட்டிவிடுங்கள். கையில் பிடித்தாலோ, வெடியைத் துரத்தித் திருப்பினாலோ அசையாத வானமும் அசைந்ததாகிவிடும். ஃபோகஸைத் தூரத்துக்கு வைத்து மேனுவலில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இருட்டில் அது தேடிக்கொண்டே இருக்கும். எக்ஸ்போஷரை நன்றாகக் குறைத்துப் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருக்கும். வெடித்ததும் பச்சையும் சிவப்பும் போய் எல்லாம் வெள்ளையாகிவிடும். அந்தப் பச்சையும் சிவப்பும் நம் ஊர்க்காரர்களின் கைவேலை. அந்த நிறம் போய்ச் சேராமல் வாணவேடிக்கை காட்டி என்ன பயன்? அப்லோட் கூடுதலாக இல்லை என்றால், அந்த அரை மணிக்குப் படத்தை 540 பிக்குத் தாழ்த்துங்கள். பொறிகள் உடையாமல் வரும். சத்தம் வெளிச்சத்துக்குப் பின்னால் வருகிறதே என்று திருத்தவும் வேண்டாம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர்தான் ஓடும். தெப்பக்குளத்து இக்கரையிலிருந்து அக்கரை வெடியைப் பார்த்தால் நேரிலும் அப்படித்தான்.

16. ட்யூப்லைட், சீரியல் பல்புகளின் கீழே படம் துடித்தால் கேமராவில் ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு என்று வையுங்கள், பிரேம் 25. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கு.

17. கூட்டம் கூடினால் செல்போன் டவர் திணறும். முதல் நாள் காலித் தெருவில் சோதித்து 'சிக்னல் ஜோர்' என்று நம்ப வேண்டாம். தேர் நகரும் வேளையில் ஒரு போன் கால்கூடப் போகாது. தேரடி ஓரமுள்ள ஒரு கடைக்காரரிடமோ வீட்டுக்காரரிடமோ பேசி, அவர்கள் பைபரிலிருந்து லேன் வயர் இழுங்கள். வைஃபையும் வேண்டாம், கூட்டத்தில் அதுவும் நெரிசல்தான். மொபைல் டேட்டா தவிர வழியில்லை என்றால் ஆர்.டி.எம்.பி.க்குப் பதில் எஸ்.ஆர்.டி. முறையில் அனுப்புங்கள். 2017இல் திறந்த மூலமாக வெளியான இது, வழியில் தொலைந்த துண்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்கிச் சேர்க்கும். இயல்பாக உள்ள 120 மில்லிசெகண்ட் அவகாசம் நம் டவர்களுக்குப் போதாது; 2000க்கு உயர்த்துங்கள். இதற்குச் சர்வரில் என்ஜின்எக்ஸ் உதவாது, மீடியா எம்.டி.எக்ஸ். போட்டு, அதன் போர்ட்டையும் ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள்.

18. மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று செய்தித்தாளில் பாருங்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டரும் பைபர் பெட்டியும் செத்துவிடும். அவற்றுக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. ஒரு நொடி கரண்ட் போய் வந்தாலும் ரவுட்டர் திரும்ப எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதற்குள் தீச்சட்டி கோயிலைச் சுற்றி வந்து முடிந்திருக்கும்.

19. பங்குனி, சித்திரை வெயிலில் போன் சூடாகித் தானே அணைந்துவிடும். உறையைக் கழற்றிவிட்டு, நிழலில், சின்ன ஃபேன் காற்றுப் படும்படி வையுங்கள். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

20. கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் உள்ளே கேமராவோடு போகாதீர்கள். தேர் ரத வீதிக்கு வரும், அங்கே எடுங்கள். உள்ளே எடுத்தே ஆக வேண்டும் என்றால் நிர்வாக அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கருவறைப் பக்கம் திருப்பவே கூடாது.

21. பட்டாசு ஆலையிலிருந்து நேரலை வேண்டாம். ஆலை வாசலைத் தாண்டிப் போனோ, சார்ஜரோ, பவர் பேங்கோ போகக் கூடாது. மருந்துத் தூள் உள்ள அறையில் ஒரு பொறி போதும். தொழிலைக் காட்ட விரும்பினால் லேபிள் அச்சடிப்பதையும் பெட்டி செய்வதையும் தனிக் கட்டடத்தில் வைத்துக் காட்டலாம். கடைக்காரர்கள் நேரலையில் சரக்கைக் காட்டி ஆர்டர் பிடிப்பதும் கூடாது. 2018 அக்டோபர் 23ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இணையவழிப் பட்டாசு விற்பனையைத் தடை செய்துவிட்டது.

22. இதைத் தவறாமல் செய்யுங்கள்: ஒலி மட்டும் உள்ள ஓர் ஓட்டத்தையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். நாளுக்கு 1.5 ஜி.பி. டேட்டா உள்ள உறவினர் 720 பி படத்தைப் பார்த்தால் ஒரு மணி இருபது நிமிடத்தில் அன்றைய கணக்கு முடிந்தது. 64 கிலோபிட் ஒலி மணிக்கு 29 எம்.பி.தான் தின்னும், நாள் முழுக்கக் கேட்கலாம். நூறு பேர் கேட்டாலும் சர்வருக்கு 6.4 மெகாபிட் சுமைதான். இதற்கு ஐஸ்காஸ்ட் என்ற மென்பொருளைச் சர்வரில் போட்டு, பட் என்ற சிறு நிரலை லேப்டாப்பில் ஓட்டினால் போதும். ஐஸ்காஸ்டின் வழக்கமான போர்ட் 8000. அதை என்ஜின்எக்ஸ் வழியாக 443க்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் பூட்டுக் குறி உள்ள பக்கத்துக்குள் ஒலி ஓடாது. அடுப்படியில் வேலை செய்துகொண்டே கொடைக்கானல் பண்பலை கேட்டுப் பழகிய வீடுகள் நம்முடையவை. கண் தெரியாத பாட்டிக்கும், லாரி ஓட்டிக்கொண்டிருக்கும் மாமாவுக்கும் இதுதான் திருவிழா. படம் அறுந்த நேரத்திலும் ஒலி ஓடும்.

23. நேரத்தை அவரவர் ஊர்க் கணக்கில் எழுதி அனுப்புங்கள். இங்கே காலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் 8.30, துபாயில் 4.30. லண்டன்காரர்களுக்கு மட்டும் கவனம்: மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள், பங்குனிப் பொங்கல் அதை ஒட்டியே வரும். அதற்கு முன் 12.30, பின் 1.30. நியூஜெர்சியில் அது முந்தைய நாள் இரவு 8.30, 'திங்கள் காலை' என்று மட்டும் எழுதினால் அவர்கள் தவறவிடுவார்கள்.

24. வீட்டு விசேஷமென்றால் மொய் எழுதும் மேஜை கேமராவில் விழக் கூடாது. மைக்கில் மொய் வாசிக்கும் வீடுகளில் அந்த நேரம் ஒலியை அணைத்துவிடுங்கள். யார் எவ்வளவு செய்தார் என்பது அந்த இரண்டு வீடுகளுக்கு உள்ளது. உலகம் முழுக்கப் போகக் கூடாது. அருள் வந்து ஆடுகிற பெண்களை நெருக்கத்தில் காட்டாதீர்கள். தூரத்துக் கோணம் வைத்தால் யார் மனமும் புண்படாது.

25. வெளியூரில் ஒருவரை ஏற்பாடு செய்து, அவர் மொபைல் டேட்டாவில் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். படம் நின்றாலோ ஒலி போனாலோ அவர் போன் செய்து சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் செய்தியை அந்தச் சத்தத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். லேப்டாப்பில் இருப்பவருக்கு எல்லாம் சரியாக ஓடுவது போலவே தெரியும்.

26. ஓ.பி.எஸ்.ஸில் ரெக்கார்டிங் பொத்தானையும் அழுத்திவிடுங்கள். எம்.கே.வி. வடிவில் பதிவானால் நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும், எம்.பி.4 என்றால் முழுக் கோப்பும் திறக்காமல் போகலாம். விழா முடிந்ததும் பதிவை இரண்டு இடத்தில் நகலெடுத்துவிட்டு, சர்வரின் ஸ்னாப்ஷாட் (முழு நகல்) ஒன்றைச் சேமித்துவிட்டு, சர்வரை முழுமையாக அழித்துவிடுங்கள். அணைத்து மட்டும் வைத்தால் பல நிறுவனங்களில் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். ஆடிப்பூரத்துக்கு அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்தே சில நிமிடங்களில் திரும்ப எழுப்பிக்கொள்ளலாம்.